கருவியும் அதன் இருப்பிடமும்

வீட்டில் சிறியதொரு பட்டறை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை கொண்ட கிருகஸ்தர்கள் நம்மிடையே எப்போதும் உண்டு. கார் ஷெட்டின் ஒரு பக்கச் சுவர், மாடிப்படிக்கு அடியில் வீணாகக் கிடக்கும் முக்கோண இடம், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இறக்கிய தகரச் சார்ப்பு என்று ஏதேனும் ஓர் இடம் அவர்களுக்கு அகப்பட்டுவிடுகிறது. அகப்பட்ட மறுநாளே கடைத்தெருவுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். எந்தக் கம்பெனியின் உளி நல்லது, இழைப்புளியை மரத்தில் வாங்குவதா இரும்பில் வாங்குவதா, டிரில்லிங் மெஷின் எத்தனை வாட் சக்தி உள்ளதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் பலரிடம் விசாரித்து மிகுந்த சிரத்தையோடு தேர்ந்தெடுக்கிற அதே மனிதர், வாங்கியவற்றை எங்கே, எவ்விதம் வைக்கப்போகிறோம் என்பதை மட்டும், பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறிய பிறகே யோசிக்கிறார். கருவிகளோடு நெடுங்காலம் பழகிவிட்ட எனக்கு இந்தக் கிரமம் தலைகீழானது என்று தோன்றுகிறது. வாங்குவது ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். வைத்துக் காப்பதோ அந்தக் கருவி நம்மிடம் இருக்கிற அத்தனை நாளும் தொடர்ந்து செய்ய வேண்டிய காரியம். இருப்பிடத்தைத் தீர்மானித்த பிறகே ஒரு கருவியை விலைபேசும் உரிமை நமக்கு உண்டாகிறது என்று நான் கருதுகிறேன்.

இங்கிலாந்தில் ரோச்செஸ்டர் நகரத்துக் கில்டுஹால் அருங்காட்சியகத்தில் ஒரு தச்சுப் பெட்டி இருக்கிறது. மேஜை நாற்காலி முதலியன செய்யும் தொழிலில் இருந்த ஒரு தந்தை, தம் மகன் பெஞ்சமின் ஸீட்டன் அத்தொழிலில் தலையெடுக்க வேண்டும் என்ற நோக்கத்துடன், 1796ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், லண்டனில் கேப்ரியல் என்ற வியாபாரியிடமிருந்து அவனுக்கு வேண்டிய கருவிகள் அனைத்தையும் ஒரே தடவையில் வாங்கிக் கொடுத்தார். மகன் மறு வருஷமே அவற்றுக்கென்று ஒரு பெட்டி செய்தான். ரம்பங்களுக்கு ஓர் இடம், இழைப்புளிகளுக்கு ஓர் இடம், உளிகளுக்கும் சிறு சாமான்களுக்கும் வெகு நேர்த்தியாக அலங்கரித்த இழுப்பறைகள் என்று வகுத்து, எந்தப் பொருள் என்ன விலை என்பதைக் காட்டும் ஜாபிதா ஒன்றும் எழுதி வைத்தான். அதன் பிறகு அவன் அக்கருவிகளை எடுத்து அதிகமாக வேலை செய்ததாகத் தெரியவில்லை. தேயாமல், தீட்டித் தீட்டிக் குறுகிப்போகாமல், கடையிலிருந்து வந்த நிலையிலேயே ஏறக்குறைய அப்படியே அவை இன்றும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் தச்சுக் கருவிகள் எப்படி இருந்தன என்று ஆராய்கிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் கிடைப்பது அரிது. எனினும், ஒரு தகப்பனாரின் பணமும் ஒரு மகனின் நான்கு மாத உழைப்பும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பெட்டியை நினைக்கும்போதெல்லாம், அது பார்ப்பவர்களுக்குத் தருகிற ஆனந்தத்தைக் காட்டிலும் அதற்குள் செய்யப்படாமலே தங்கிவிட்ட மேஜைகளும் அலமாரிகளுமே என் மனத்தை அதிகம் வருத்துகின்றன.

இதற்கு நேர் எதிரான உதாரணம் அமெரிக்காவில் உண்டு. மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் பியானோ செய்யும் தொழிலில் வாழ்நாளைக் கழித்த ஹென்றி ஸ்டட்லி (1838–1925) என்பவர் தாம் உபயோகித்த கருவிகளுக்காகச் சுவரில் மாட்டும் பெட்டி ஒன்றைச் செய்தார். மூடினால் ஏறக்குறைய 40 அங்குல உயரமும் 20 அங்குல அகலமும் உள்ள அந்தச் சிறிய பெட்டிக்குள் சுமார் 300 கருவிகள் அடங்கியிருக்கின்றன. ஒரு கருவிக் கூட்டத்தைத் தாங்கிய பலகை கதவைப்போல் விலகினால் அதன் பின்னால் இன்னொரு கூட்டம். அதையும் விலக்கினால் மற்றொன்று. ஒவ்வொரு கருவியும் தன் உருவத்துக்கு ஏற்பக் குடைந்த இடத்தில், கருங்காலியும் தந்தமும் முத்துச்சிப்பியும் பதித்த வேலைப்பாட்டுக்கு நடுவே, கொஞ்சமும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. படத்தில் பார்க்கிறவர்கள் இதை வெறும் அலங்காரம் என்று எண்ணக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. எந்தக் கருவியை எந்தக் கை எடுக்கும், எதை எடுத்த பிறகு எதை எடுக்க நேரும், எதன் முனை எதன்மேல் படக்கூடாது என்பவற்றையெல்லாம் பல வருஷங்கள் வேலை செய்து அறிந்த ஒருவரே அவ்வளவு நெருக்கமாக அடுக்கியும் ஒன்றோடொன்று மோதாமல் வைக்க முடியும். ஸீட்டன் முதலில் கருவிகளைப் பெற்றுப் பிறகு பெட்டி செய்து வேலைக்காகக் காத்திருந்தான். ஸ்டட்லியோ, வேலையே கற்பித்த வரிசையைப் பெட்டியாக்கினார். வீட்டுப் பட்டறைக்காரர் யாரைப் பின்பற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால், நம் கடைத்தெருக்கள் ஸீட்டனின் வழியையே காட்டுகின்றன. சென்னையில் பாரிமுனையை ஒட்டிய லிங்கிச் செட்டித் தெருவிலோ, கோயம்புத்தூரில் நஞ்சப்பா ரோட்டிலோ நுழைந்து பார்த்தால், ஜலந்தரிலும் லூதியானாவிலும் செய்து வருகிற ஸ்பேனர்களும் குறடுகளும் பளபளவென்று பிளாஸ்டிக் பெட்டிகளில் செட்டு செட்டாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அந்தப் பெட்டியிலுள்ள அத்தனை அளவுகளும் ஒரு மெக்கானிக்குக்கு வேண்டியிருக்கும். வீட்டில் சைக்கிளையும் தண்ணீர்க் குழாயையும் பழுது பார்க்கிற மனிதரின் கையில் திரும்பத் திரும்ப ஏறுவன அவற்றில் ஒரு சிலவே, மற்றவை பெட்டியின் பள்ளத்திலேயே கிடந்து மங்கிப்போகும். செய்ய எடுத்துக்கொண்ட வேலை எந்தக் கருவியை வற்புறுத்திக் கேட்கிறதோ அதை, அப்போது, கைக்குக் கிடைத்த அளவில் மிகவும் நல்லதாகப் பார்த்து வாங்குவதே உசிதம். ஒரு சாதாரண பெஞ்சுப் பலகை செய்ய ஆரம்பிக்கிறவருக்கு ஒரு கைரம்பம், அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டு பட்டை உளிகள், புளியமரத்தில் கடைந்த ஒரு கொட்டாப்புளி, ஒரு மூலைமட்டம், ஓர் இழைப்புளி இவை போதும். இவற்றோடு அன்றைக்கே ஒரு சாணைக்கல்லையும் வாங்கிவிட வேண்டும். உளியை வாங்கிச் சாணைக்கல்லை அடுத்த மாதத்துக்கு ஒத்திப்போடுகிறவர்கள் அடுத்த மாதம் முழுவதும் மழுங்கிய உளியைக் கொண்டு மரத்தை நசுக்கிக்கொண்டிருப்பார்கள், தச்சு தமக்கு வராது என்ற முடிவுக்கும் வந்துவிடுவார்கள். மின்சாரக் கருவிகளைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. பாட்டரியில் ஓடும் ஒன்றை வாங்கினால், அந்தப் பாட்டரி வேறு கம்பெனியின் கருவிகளுக்குப் பொருந்தாது என்பதால், பின்னால் வாங்குவனவும் அதே கம்பெனியினுடையனவாக இருக்க நேரும் என்பதை மாத்திரம் முன்கூட்டியே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பழைய கருவிகளை வாங்குவதில் உள்ள சுகம் தனி. சென்னையில் 1900இல் திறந்து 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட் பழைய புத்தகங்களுக்கு மட்டுமன்றிப் பழைய சாமான்களுக்கும் பெயர்போனதாக இருந்தது. அது போன பிறகும் ஊருக்கு ஊர் பழைய இரும்புக் கடைகள் இருக்கவே இருக்கின்றன. அங்கே எடைக்குப் போட்ட குவியலில், எந்தத் தச்சரின் காலத்துக்குப் பிறகோ வீட்டார் கொண்டுவந்து தள்ளிய நல்ல உளி ஒன்று, ஓட்டைப் பக்கெட்டுக்கும் உடைந்த ஜன்னல் கொக்கிக்கும் நடுவில் கிடக்கும். அதை எடுத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மேலே படிந்திருக்கும் செந்துரு கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தேய்த்தால் அது போய்விடும். தட்டையான பின்முகத்தில், வாய்க்கு அருகே, அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுந்திருக்கின்றனவா என்பதைத்தான் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். உளியின் கூர் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கிற கோடு. அவற்றில் ஒரு முகம் குழி விழுந்திருந்தால், எவ்வளவு தீட்டினாலும் அந்தக் கோடு பல் விழுந்ததாகவே இருக்கும். வாயில் நீலநிறம் ஓடியிருந்தால், மின்சாரச் சாணையில் யாரோ அவசரக்காரர் அதைச் சூடேற்றி எஃகின் பதத்தைப் போக்கிவிட்டார் என்று அறிய வேண்டும். நிறம் ஓடிய அளவுக்குத் தேய்த்துக் கழித்தாலன்றி அந்த வாய் கூர்மையைத் தாங்காது. ரம்பத்தைக் கையிலெடுத்தால், பல்வரிசையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அதன் நேர்மையைப் பார்த்து, பிறகு மெல்ல வளைத்துவிட்டு, விட்டவுடன் பழையபடி நேராக நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். இரும்பு இழைப்புளியானால், அலகு கீழே எட்டிப் பார்க்கும் வாயின் இரு மூலைகளிலும் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் முதலில் விடுவது அங்கேதான். பிடி ஆடுகிறதே என்று எந்தக் கருவியையும் தள்ளிவிட வேண்டாம். கருவேலங்கட்டை நம் நாட்டில் அருமையான பொருளன்று; ஒரு பிடி செதுக்கிப் போட்டுக்கொள்ளத் தெரியாதவருக்கு அதைச் செதுக்குவதே முதற்பாடமாக அமையும்.

இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த கருவிக்கு அங்கே காத்திருக்கிற சத்துரு துரு. மனிதர்கள் கருவிகளைக் கவர்ந்து செல்வதைவிடக் காற்று கவர்ந்து செல்வது அதிகம். எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ் 1545இல் கடலில் மூழ்கியது. 1982இல் அதைத் தூக்குவதற்கு முன் நடந்த அகழ்வில், கப்பல் தச்சர்களின் பெட்டிகளும் வெளிவந்தன. ஆனால் அவற்றிலிருந்த கருவிகளில் மரப்பகுதிகள் மிஞ்சியிருந்தனவேயன்றி, உளியாகவும் கோடரியாகவும் இருந்த இரும்பு பெரும்பாலும் உப்பு நீரில் அரித்துப் போயிருந்தது. ஸ்வீடன் நாட்டுக் காட்லாண்டு தீவிலோ வேறு விதமாக நடந்தது. மாஸ்டர்மூர் என்ற இடத்தில், முன்பு சதுப்பாக இருந்த நிலத்தை 1936இல் உழுதுகொண்டிருந்த ஒரு விவசாயியின் கலப்பையில் தடுக்கி வெளிப்பட்ட ஓக் மரப்பெட்டிக்குள், சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முற்பட்ட 200 சாமான்களுக்குமேல் இருந்தன. சுத்தியல், ரம்பம், அரம் என்று கொல்லுக்கும் தச்சுக்கும் உரிய அவ்விரும்புக் கருவிகள் பெரும்பாலும் உருக்குலையாமல் இருந்தன. காற்றுப் புகாத சேற்றில் பிராணவாயு இல்லை. பிராணவாயு இல்லாத இடத்தில் துருவுக்கு வேலையில்லை. நம் ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கு உள்ளும் அருகிலும், இறந்தவர்களோடு சேர்த்துப் புதைத்த இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பிறகும் இன்னதென்று அடையாளம் காணும்படி அகப்பட்டிருக்கின்றன. இரும்பின் ஆயுள் இரும்பில் மாத்திரம் இல்லை, அதைச் சூழ்ந்திருப்பதிலும் இருக்கிறது என்பதை இவற்றைக் காட்டிலும் தெளிவாக வேறெது சொல்லும்?

சூழ்நிலை என்றால் நம் கடற்கரை ஊர்களில் அது ஈரமும் உப்பும் சேர்ந்தது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டும்போதே சுத்தமான இரும்பும் துருப்பிடிக்கும் வேகம் திடீரென்று ஏறுகிறது; சென்னையில் வருஷத்தின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலேயே கழிகிறது. இரும்பின்மேல் கடற்காற்று தூவுகிற உப்புத்துகளோ, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துப் பிடித்துத் தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புநீர்ப் படலத்தை உண்டாக்கிவிடும். 1948இல் அஸ்திவாரக்கல் நாட்டி 1953இல் திறந்த, வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலம் வழங்கிய காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இந்த அரிப்பையே ஒரு சாஸ்திரமாக ஆராய்ந்து வருகிறது. இந்தியாவின் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கப்படும் என்பதைக் காட்டும் தேசப்படமும் அங்கே தயாரானது. வெட்டவெளியில் தகடுகளை வைத்துச் சோதிப்பதற்கு மண்டபத்துக் கடற்கரையில் அவர்களுக்கு ஒரு நிலையம் இருந்தது. பாம்பன் பாலத்து இரும்பைக் காக்க ரயில்வேக்காரர்கள் பட்ட பிரயாசையை அறிந்தவர்களுக்கு, அந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. திருவொற்றியூரிலோ திருவான்மியூரிலோ கார் ஷெட்டில் உளி வைத்திருக்கிற கிருகஸ்தரும், சிறிய அளவில், அதே பரீட்சையைத்தான் தம்மையறியாமல் நடத்திக்கொண்டிருக்கிறார்.

ஆகவே வைக்கிற முறை முக்கியம். சாக்கில் சுற்றி வைப்பது வழக்கம். சாக்கு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தோலுறையில் போட்டு வைத்தால் கம்பீரமாக இருக்கும். தோல் பதனிடும் சரக்கிலுள்ள அமிலமும் உப்பும் நாளடைவில் எஃகைக் கறுக்கடித்துவிடும் என்பதால், வெளியே எடுத்துச் செல்லும்போது மட்டும் உறையை உபயோகித்து, வீட்டில் கழற்றி வைப்பதே சரி. செய்தித்தாளில் பொதிவதும் வேண்டாம். கருவியை வேலை முடிந்தவுடன், கைவேர்வை காய்வதற்குள், உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயை ஒரு பழந்துணியில் தோய்த்து மெல்லியதாக ஒரு தடவை தடவிவிட்டால் போதும். சமையலறை நல்லெண்ணெயை எடுத்துப் பூசுகிறவர்கள் உண்டு. அது நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசியை ஒட்டவைத்துக்கொள்ளும். பெட்டிக்குள் ஒரு கற்பூரக்கட்டி போட்டு வைக்கும் பழக்கம் பழைய பட்டறைக்காரர்களிடம் உண்டு. அதன் ஆவி இரும்பின்மேல் படிந்து காக்கிறது என்பது அவர்களுடைய அனுபவம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் பிரயோஜனப்படும், அவை நிறைந்துவிட்டபின் சூடேற்றி ஈரத்தைப் போக்கி மறுபடி வைக்கிற பொறுமை இருந்தால், பெட்டியும் காற்றுப் புகாமல் மூடுவதாக இருந்தால்.

சுவரில் மாட்டுவதா, பெட்டியில் அடைப்பதா என்பது பட்டறைக்காரர்களுக்குள் தீராத விவாதம். சமையற்கலை ஆசிரியையான ஜூலியா சைல்டின் கேம்பிரிட்ஜ் வீட்டுச் சமையலறையில், அவர் கணவர் பால் சைல்டு, துளைப் பலகையைச் சுவரில் அறைந்து, ஒவ்வொரு வாணலியும் தொங்க வேண்டிய இடத்தில் அதன் உருவத்தைக் கோடு போட்டு வரைந்து வைத்தார். அந்தச் சமையலறை முழுவதும் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வாறு உருவக்கோடு இட்ட சுவரில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால், எது திரும்பி வரவில்லை என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இரவல் கொடுத்த குறடு, தோட்டத்தில் மறந்த ஸ்பேனர், பிள்ளைகள் எடுத்துப்போன சுத்தியல் எல்லாவற்றுக்கும் சுவரே சாட்சி. ஆனால் கடற்காற்று வீசுகிற ஊரில் சுவரில் தொங்குகிற இரும்பு காற்றுக்கு முழு மார்பையும் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் நான் இரண்டையும் பிரித்துக்கொண்டேன். தினந்தோறும் கைபடுகிற சுத்தியல், குறடு, திருப்புளி, மூலைமட்டம் ஆகியவை சுவரில் இருக்கின்றன. கை படப்படத் துடைக்கவும் படுவதால் அவற்றுக்குத் துரு ஏற நேரமில்லை. கூருள்ள உளிகளும் இழைப்புளி அலகுகளும் அரங்களும் மூடிய பெட்டியில் இருக்கின்றன. அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வைத்தால் ஒன்றின் பல்லை மற்றொன்று தின்றுவிடும் என்பதால் தனித்தனிக் காடியில் வைத்திருக்கிறேன். வீட்டில் குழந்தைகள் நடமாடுவதால் பெட்டி தோள் உயரத்தில் இருக்கிறது. வெளிச்சம் இடப்புறத்திலிருந்து வரும்படி ஜன்னலுக்கு நேராக மேஜையையும், மேஜைக்கு வலப்புறம் சுவரையும் அமைத்ததில், எழுந்திருக்காமல் கை நீட்டி எடுக்கக்கூடியவை எவை, எழுந்து போய் எடுத்தால் போதுமானவை எவை என்ற பாகுபாடு மெல்ல மெல்லத் தானாகவே ஏற்பட்டது. அந்தப் பாகுபாட்டை நான் காகிதத்தில் திட்டம் போட்டு உண்டாக்கியிருக்க முடியாது.

ஆயுத பூஜையன்று கருவிகளுக்கு ஓய்வு. முதல்நாளே எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பரப்பி வைக்கிறோம். விஜயதசமியன்றுதான் மறுபடி தொடுகிறோம். பக்தியோடு கூடவே இது மிகச் சிறந்த கணக்கெடுப்பாகவும் இருக்கிறது. சுவரிலும் பெட்டியிலும் சிதறியிருப்பவை ஒரே பாயில் வந்து கூடும்போது, எது தேய்ந்திருக்கிறது, எது பிடி தளர்ந்திருக்கிறது, எதற்குச் சென்ற பூஜையில் பூசிய எண்ணெய் கலையாமலே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். அப்படி எண்ணெய் கலையாத கருவியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் நியமம். என்றேனும் வேண்டியிருக்குமே என்ற சபலம் எழத்தான் செய்யும். வேண்டியிருக்கும் நாள் வந்தால் அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அது யாரோ ஒருவருடைய கையில் மரத்தைச் சீவிக்கொண்டிருக்கட்டும்.

சென்ற பூஜைக்குப் பிறகு ஒன்றேகால் அங்குல உளி ஒன்று அவ்விதம் பிரிந்தது. எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருடைய மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். அவனைக் கூப்பிட்டு, உளியையும் அதற்கு ஏற்ற சிறு சாணைக்கல்லையும் கையில் கொடுப்பதற்கு முன்னால், “தம்பி, இதை வீட்டில் எங்கே வைப்பாய்?” என்று கேட்டேன். அவன் சற்று யோசித்து, “கட்டிலுக்கு அடியில் எங்கப்பாவுடைய தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது, ஐயா. அதில் துணியில் சுற்றி வைக்கிறேன்” என்றான். அவர்கள் வீட்டுத் தரை மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிற தரை என்பது எனக்குத் தெரியும். மூலையில் கிடந்த இரண்டு தேக்குச் சட்டங்களை முழ நீளத்துக்கு அறுத்துக் கொடுத்து, பெட்டியைத் தரையில் படாமல் இவற்றின்மேல் ஏற்றி வைக்கும்படியும், துணியை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை வெயிலில் காயப்போடும்படியும் சொன்னேன். சட்டங்களை அறுக்கிறபோது மறுமுனையை அவன்தான் பிடித்துக்கொண்டான்.